மேல்மடையும் கீழ்மடையும்: பூதப்பாண்டியில் நான் கற்றவை

நான் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள கரிசல் காட்டில். அங்கே மழை பெய்தால் விதைப்போம், பெய்யாவிட்டால் அடுத்த மழைக்குக் காத்திருப்போம். பக்கத்துப் புஞ்சைக்காரரோடு பேச்சே இல்லாமல் ஒருவர் ஆயுள் முழுக்க வெள்ளாமை செய்துவிட முடியும். ஆசிரியர் வேலை கிடைத்துக் குமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்துக்கு வந்து, பூதப்பாண்டியில் வாடகைக்கு வீடெடுத்து, இந்த ஊரிலேயே திருமணமும் ஆன பிறகு, மாமனாருக்கு உடல் முடியாமல் போனபோது அவருடைய வயலைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்த ஊர்க்காரர்களின் பேச்சு ஏன் இவ்வளவு தணிவாக இருக்கிறது, நேற்று வரப்பில் நின்று சண்டையிட்டவர்கள் இன்று ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் ஏன் முதல் ஆளாகப் போய் நிற்கிறார்கள், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் எப்படித் தெரிந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கின. ஒரே மடையில் தண்ணீர் எடுப்பவர்கள் முற்றாகப் பகைத்துக்கொள்ள முடியாது. இந்த ஊரின் குணத்துக்கு அடிப்படை அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிலம் வாங்கவும், பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுக்கவும், பணி ஓய்வுக்குப் பிறகு குடியேறவும் இந்தப் பக்கம் வருகிறவர்கள் கூடியிருப்பதால், அவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

பூதப்பாண்டி நாகர்கோவிலுக்கு வடக்கே, கடலிலிருந்து உள்வாங்கி, மலையடிவாரத்துக்கும் வயல்வெளிக்கும் நடுவே அமைந்த பேரூராட்சி. தோவாளை வட்டத்தின் தலைமையிடமும் இதுதான். ஒரு பக்கம் தாடகை மலை, மறுபக்கம் பச்சை வயல், ஊரையொட்டிப் பழையாறு, நடுவில் பூதலிங்கசுவாமி கோயிலும் அதைச் சுற்றிய தெருக்களும் என்று ஊரின் அமைப்பு எளிதாகப் பிடிபட்டுவிடும். கடைகண்ணிக்குப் பக்கத்தில் திட்டுவிளை இருக்கிறது. அதற்கு மேல் எது வேண்டுமென்றாலும் நாகர்கோவில் வடசேரிக்குப் பேருந்து ஏறிவிடலாம். பள்ளி, மருத்துவமனை, வங்கி ஆகியவற்றைப் பொறுத்தவரை சிறிய ஊர் என்ற குறை எனக்குத் தெரிந்ததில்லை. குமரி மாவட்டம் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் மூன்று கடல் சங்கமமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாஞ்சில் நாடு என்று வழங்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் உள்நாட்டு வாழ்க்கை நெல்லாலும் வாய்க்காலாலும் ஆனது.

அந்த வாய்க்கால்களின் மூலத்தை அறியாமல் ஊரை அறிய முடியாது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டும் வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. பொறியாளர் மிஞ்சின் துரையின் பெயரை இன்றும் பெரியவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். பின்னர் பரளியாற்றில் பெருஞ்சாணி அணை வந்தது. இந்த அணைகளின் தண்ணீர் புத்தன் அணை வழியாகச் சானல்களிலும் பழையாற்றிலும் பிரிந்து வருகிறது. பரளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பும் பாண்டியன் கால் என்ற வாய்க்கால், பாண்டியர் காலத்திலேயே வெட்டப்பட்டது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியின் முழு மட்டம் 77 அடி. இந்த இரண்டு எண்களும் பூதப்பாண்டியில் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். காலையில் தேநீர்க் கடைக்குப் போனால் செய்தித்தாளின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, உள்ளே அணைகளின் நீர்மட்டம் போட்டிருக்கும் மூலையைத்தான் முதலில் பிரிப்பார்கள். "பேச்சிப்பாறை எத்தனை அடி, அண்ணாச்சி?" என்பது நலம் விசாரிப்பதற்குச் சமமான கேள்வி. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டால், வேறு அறிமுகம் தேவைப்படாது.

கோதையாற்றுப் பாசனத்துக்கு ஜூன் 1-ஆம் தேதி முதல் பிப்ரவரி 28-ஆம் தேதி வரை தண்ணீர் விடுவது வழக்கம். திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் பகுதியையும் சேர்த்து 79,000 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது என்பது அரசாணைகளில் ஆண்டுதோறும் வரும் கணக்கு. இந்த ஒன்பது மாதங்களுக்குள் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், விளைகிறது. கன்னி மாதமான புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதமான மாசியில் அறுவடையாவது கும்பப்பூ. முதல் பூவுக்குத் தென்மேற்குப் பருவமழையும் இரண்டாம் பூவுக்கு வடகிழக்குப் பருவமழையும் துணை நிற்பதால், தமிழ்நாட்டின் வேறு பல பகுதிகளுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இந்த மண்ணுக்கு உண்டு. கரிசலில் பிறந்த எனக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும் ஊர் என்பதே முதலில் நம்ப முடியாத செல்வமாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் செல்வம் வயலுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. அணையில் திறந்த தண்ணீர் சானலில் வந்து, கிளைக் காலில் திரும்பி, மடையில் இறங்கி, ஒவ்வொருவர் வயலாகக் கடந்துதான் நம் வயலுக்கு வர வேண்டும். நமக்கு மேலே இருப்பவர் மேல்மடைக்காரர். நம்மைக் கடந்து தண்ணீர் பெறுபவர் கீழ்மடைக்காரர். பூதப்பாண்டியில் வயல் வைத்திருப்பவர் எவரும் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கிறார். ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான்: இங்கிருந்து கீழே போகும் பழையாறு நாகர்கோவில் பக்கத்து வயல்களையும் சுசீந்திரத்தையும் கடந்து மணக்குடியில் கடலில் சேர்கிறது. நாம் தேவைக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

என் மாமனார் வயலை என்னிடம் ஒப்படைத்தபோது உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "மருமவனே, வெள்ளம் கேட்கப் போகும்போது கையில மம்பட்டியோட போகாத. சாயங்காலம் வீட்டுக்குப் போயிக் கேளு" என்று மட்டும் சொன்னார். தண்ணீரைத்தான் இங்கே வெள்ளம் என்பார்கள். அந்த ஒரு அறிவுரையின் அருமை எனக்கு முதல் கன்னிப்பூவிலேயே புரிந்தது. நடவு முடிந்து பயிர் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் குறைந்து, மடையில் முறை வைக்க வேண்டி வந்தது. வயலில் வைத்து, பயிர் வாடுவதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டு, மண்வெட்டியும் கையுமாக நின்று கேட்கிற கேள்வி எப்போதும் சண்டையாகவே முடியும்; ஏனெனில் எதிரில் நிற்பவர் கையிலும் மண்வெட்டி இருக்கிறது. அதே மனிதரை மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்து, பிள்ளைகள் படிப்பைப் பேசி, காப்பி குடித்து, "நாளைக்கு ராத்திரி எனக்கு விட முடியுமா அண்ணாச்சி" என்று கேட்டால், அவர் தன் வயலின் நிலையைச் சொல்லுவார். நாம் நம் வயலின் நிலையைச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் முடிவாகும். முடிவான நேரத்துக்கு மடையில் நாமே போய் நிற்க வேண்டும். ஆள் அனுப்பினால் அடுத்த முறை பதில் மாறிவிடும்.

முறையெடுக்கும் இரவுகளில் நான் கவனித்த இன்னொன்றும் உண்டு. தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் தன் மடையை அடைக்காமல் வீட்டுக்குப் போகிறவரை ஊர் மறப்பதில்லை. தன் வயல் நிறைந்தவுடன், தூக்கத்தைப் பொருட்படுத்தாமல், மடையை அடைத்துக் கீழ்மடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி "உங்க வயலுக்குத் திருப்பியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கு, அந்த ஆண்டில் எந்த வேலைக்கும் ஆள் தட்டுப்பாடு வராது. இது நன்றியறிதலைப் பற்றிய பேச்சு மட்டுமன்று, ஊரின் கணக்கு முறையே இதுதான். இங்கே கடன் பணமாக எழுதி வைக்கப்படுவதைவிட, யார் யாருக்கு எந்த இரவில் தண்ணீர் திருப்பினார் என்பதாக நினைவில் வைக்கப்படுகிறது.

பாட்டத்துக்கு வயல் எடுக்க விரும்புகிறவர்கள், மண்ணைப் பார்ப்பதற்கு முன் மடையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சானல் அடைத்துக் கிடக்கும் சித்திரையில் ஒரு முறையும் தண்ணீர் ஓடும் ஆடியில் ஒரு முறையும் அந்த மடையோடு நடந்து பாருங்கள். அடைத்திருக்கும்போது கால் தூர்ந்திருக்கிறதா, கரை எங்கே அரித்திருக்கிறது, குப்பையும் பிளாஸ்டிக்கும் எங்கே அடைக்கும் என்பவை தெரியும். ஓடும்போது வயலுக்குத் தண்ணீர் ஏற எவ்வளவு நேரமாகிறது என்பது தெரியும். தண்ணீர் உள்ளே வரும் வழியைப் போலவே வெளியே போகும் வழியும் முக்கியம். 2021 நவம்பரில் குமரி மாவட்டத்தில் பெய்த பெருமழையில் வாய்க்கால்கள் பல இடங்களில் உடைந்து, கும்பப்பூப் பயிர் நீரில் மூழ்கியது. வடிகால் சரியாக இருந்த வயல்கள் சில நாட்களில் தலைகாட்டின. வடிகாலைத் தூர்த்துக் கட்டடம் எழும்பியிருந்த பக்கத்து வயல்களில் பயிர் அழுகிப்போனது. எனவே வயலைக் காட்ட வருகிறவரிடம் வடிகால் யார் வயல் வழியாகப் போகிறது என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அவர் அந்த வயலில் பல காலமாக இறங்கவில்லை என்று பொருள்.

பாட்டப் பேச்சு பெரும்பாலும் வாய்மொழியாகவே முடிகிறது. பாட்டத்தைச் சிலர் பணமாகவும், சிலர் பூவுக்கு இத்தனை கோட்டை நெல் என்றும் பேசுவார்கள். ஒரு கோட்டை என்பது 21 மரக்கால். இப்போது எடைக்கு 87 கிலோ என்று கொள்கிறார்கள். நிலத்தின் அளவையும் பழைய ஆட்கள் இத்தனை மரக்கால் விதைப்பாடு (அவ்வளவு விதை கொள்ளும் நிலம்) என்றே சொல்லுவார்கள். ஆகவே கோட்டையையும் மரக்காலையும் கிலோவாகவும் சென்ட்டாகவும் மாற்றி, இரு தரப்பும் பார்க்கும்படி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. உறவினராக இருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. உறவினராக இருந்தால் கட்டாயமாகச் செய்ய வேண்டும் என்றே சொல்லுவேன். வரப்பு வெட்டும் செலவு, கால் தூர்வாரும் செலவு, பயிர் மழையில் போனால் பாட்டத்தில் எவ்வளவு குறைப்பது ஆகிய மூன்றையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிற்காலத்தில் மனக்கசப்பு வருவது இந்த மூன்றில்தான்.

விதைப்பில் தனி விருப்பத்துக்கு இங்கே இடம் குறைவு. இதை வெளியூரிலிருந்து வரும் படித்த இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள்; நானும் பலரிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். நாஞ்சில் நாட்டு வயல்கள் சிறு சிறு துண்டுகள். ஒரு காலத்தில் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும் மருமக்கள்வழியில் கூட்டுச் சொத்தாக இருந்த வேளாளர் குடும்ப நிலங்கள், 1926-ல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகு பாகமாகத் தொடங்கி, தலைமுறைதோறும் மேலும் துண்டுபட்டன. நடுவில் இருக்கும் துண்டுகள் பலவற்றுக்கு வண்டிப் பாதை கிடையாது. முன்பு ஆட்கள் அறுத்துத் தலைச்சுமையாகக் கட்டு சுமந்து களத்துக்குக் கொண்டுவந்தபோது வரப்பே போதுமான வழியாக இருந்தது. இப்போது அறுவடை இயந்திரம் வர வேண்டுமென்றால் சாலையோர வயல் முதலில் அறுபட்டிருக்க வேண்டும். சாலையோரக்காரர் 140 நாள் நெல்லைப் போட்டு, உள்வயல்காரர் 115 நாள் நெல்லைப் போட்டால், உள்ளே பயிர் முற்றி மணி உதிரும். வெளியே இன்னும் பால் பிடித்திருக்கும். ஆகையால் ஒரே பத்தில் (ஒரே வயல்தொகுதியில்) வயல் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி, எந்த ரகம், எந்த வாரம் விதைப்பு என்று பேசி முடிவு செய்வதைப் போன்ற நல்ல பழக்கம் வேறில்லை. பூச்சித் தாக்குதல் பரவலாகி ஒருவர் வயலை மட்டும் தின்று தீர்க்காமல் இருப்பதற்கும் ஒரே காலத்தில் விதைப்பது உதவுகிறது.

ரகத் தேர்வில் இந்த மண்ணின் சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் பங்குண்டு. இங்குள்ளவர்களுக்குப் பருமனான அரிசிச் சோறுதான் விருப்பம். சன்ன அரிசிச் சோற்றில் உள்ளித் தீயலோ புளிமுளமோ ஊற்றிச் சாப்பிட்டால் திருப்தியில்லை என்பார்கள். முன்பு கட்டிச்சம்பா போன்ற நெல்வகைகள் விளைந்த இடத்தில் இப்போது அம்பை 16, திருப்பதிசாரம் 3, திருப்பதிசாரம் 5 ஆகியவை நிற்கின்றன. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் திருப்பதிசாரத்தில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தப் பகுதியின் பெரும் பேறு. இரண்டு பருவமழைக்கும் ஏற்ற விதையை இந்த மண்ணிலேயே பரிசோதித்துத் தருகிறார்கள். யாரோ வலையொளியில் புகழ்ந்த ரகத்தை வரவழைப்பதற்கு முன், அங்கே போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.

கன்னிப்பூ அறுவடையை நான் எப்போதும் கவலையோடுதான் எதிர்கொள்கிறேன். ஆடியில் நிறைபுத்தரிசிக்கு முதல் கதிரை அறுத்துக் கோயிலில் வைத்து வாங்கி, வீட்டு நிலையில் கட்டும்போது மனம் நிறைந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு வரும் வாரங்களில் தாடகை மலை உச்சியில் மேகம் இறங்கிக் கறுக்கும் ஒவ்வொரு பிற்பகலும் நெஞ்சை அழுத்தும். கதிர் முற்றிய நேரத்தில் காற்றோடு மழை வந்தால் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிர் தண்ணீரில் கிடந்தால் மணி முளைத்துவிடும். அறுப்புக்கு ஏறக்குறைய பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்து நிலத்தை இறுகவிட வேண்டும். அதற்கும் மேல்மடைக்காரர் தன் வயலில் வடியும் நீரை அந்த நாட்களில் நம் வயலுக்குள் விடாமல் வடிகாலுக்குத் திருப்ப இசைய வேண்டும். நிலம் இறுகாத வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி புதைந்துவிடும். டயருக்குப் பதில் பட்டைச் சங்கிலியில் ஓடும் பெல்ட் வண்டிக்கு மணிக்கு வாடகை கூடுதல். கன்னிப்பூவுக்குச் செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் தொடக்கத்திலேயே பெல்ட் வண்டி வாடகையை எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.

அறுத்த நெல்லை உலர்த்துவது அடுத்த சோதனை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அறுத்த நெல் அதைவிட அதிக ஈரத்தோடுதான் வரும். களமில்லாதவர்கள் தார்ச்சாலையில் விரிக்கிறார்கள். இரவில் இருசக்கர வாகனக்காரர்கள் அதில் சறுக்கி விழுந்து காயப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அறுவடைக்கு முன்பே கோயில் களத்தையோ கல்யாண மண்டப முற்றத்தையோ கேட்டு வைத்துக்கொள்ளலாம். உரிய காலத்தில் கேட்டால் இந்த ஊரில் மறுப்பவர்கள் குறைவு. நல்ல தார்ப்பாய் வாங்கும் செலவு ஒரே பூவில் திரும்பிவிடும். ஈர நெல்லை வயலிலேயே எடுத்துக்கொள்ளும் வியாபாரிகளும் வருவார்கள். விலை குறைவாக இருந்தாலும், மழை வலுத்து உலர்த்த வழியில்லாத ஆண்டில் அவர்களுக்குக் கொடுப்பதே அறிவுடைமை. மாசியில் வரும் கும்பப்பூ அறுவடை இதற்கு நேர்மாறானது. வெயில் இருக்கும், நிலம் இறுகும், வைக்கோலும் காய்ந்து நல்ல விலைக்குப் போகும். குடும்பத்தின் பெரிய செலவுகளைக் கும்பப்பூவை நம்பி வையுங்கள், கன்னிப்பூவை நம்பி வைக்காதீர்கள் என்று என் மனைவியின் சித்தப்பா சொல்வதில் முழு உண்மை இருக்கிறது.

நெல்லில் கிடைப்பது போதாமல் வாழைக்கு மாறியவர்கள் ஏராளம். மட்டி, செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், ஏத்தன் (நேந்திரன்) என்று இந்த மாவட்டத்து வாழைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஓணத்துக்கு ஏத்தங்காய் விலை ஏறும் என்பதால் அதற்குக் கணக்கிட்டு நடுகிறார்கள். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றையும் நவம்பர் மாதப் புயல்களையும் வாழை தாங்காது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகிப் புயல் கடந்துபோன பிறகு, மேலே ரப்பர்த் தோட்டங்களிலும் கீழே வாழைத் தோட்டங்களிலும் நின்ற மரங்களை எண்ணுவதே எளிதாக இருந்தது. குலை தள்ளும் நிலையிலிருந்த வாழை அத்தனையும் படுத்துவிட்ட ஒருவர், காப்பீடு செய்யாத காரணத்தால் மனைவியின் நகையை விற்றுப் பாட்டத்தை அடைத்ததை நான் அருகிலிருந்து கண்டேன். வாழை வைப்பவர்கள் பயிர்க் காப்பீட்டுக்கான கடைசித் தேதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு நட்டவுடன் பதிந்துவிடுங்கள். கையிருக்கும் நிலம் முழுவதையும் வாழையாக்காமல் ஒரு பகுதியை நெல்லுக்கு விடுவதும் நல்லது. நெல் வயல்களுக்கு நடுவே வாழை வைத்தால் அதற்கு ஆழமாக வடிகால் வெட்ட வேண்டியிருப்பதால், பக்கத்து வயலில் தண்ணீர் நிற்காமல் உறிஞ்சப்படும். இதைப் பக்கத்து வயல்காரரிடம் முதலிலேயே பேசி, நடுவில் போதிய இடம் விட்டு வெட்டுவது கடமை.

மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியவை பலவும் மேலே வந்துவிட்டன. வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் வருபவர்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், வயலுக்குத் திரும்பப் போவதில்லை. ஆகவே இன்றைக்கு வயலில் இறங்குகிற ஒவ்வொரு அக்காவும் அத்தையும் மதிக்கப்பட வேண்டியவர். கூலியை மாலையிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளக் கூடாது. பதினோரு மணிக்குத் தேநீரும் வடையும் வரப்புக்கு வந்துசேர வேண்டும். "எக்கா, இந்த மூலையில நாத்து கொஞ்சம் நெருக்கமா விழுந்திருக்கோ?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பிடுங்கி மாற்றுவார்கள், அதையே அதிகாரமாகச் சொன்னால் அடுத்த நடவுக்கு அவர்கள் வேறு வயலில் இருப்பார்கள். பயிரைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் வயலில் குருத்துப்பூச்சி தொடங்கியதை மூன்று முறையும் முதலில் கண்டு சொன்னவர்கள் களையெடுக்க வந்த பெண்கள்தாம்.

ஊர்ப் பொதுக் காரியங்களில் பங்கெடுப்பதும் தவிர்க்க முடியாதது. தை மாதத் தேரோட்டத்துக்கு வடம் பிடிப்பதும், தெரு அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வரி கொடுப்பதும், வில்லுப்பாட்டு நடக்கும் இரவில் சிறிது நேரமாவது போய் உட்கார்வதும், தெருவில் ஒரு சாவு நடந்தால் முகம் தெரியாதவராக இருந்தாலும் போய் நிற்பதும் இங்கே பழக்கத்தின் பகுதி. அதே சமயம், கோயிலைச் சுற்றி ஒரு சாதி, வாய்க்காலுக்கு அப்பால் இன்னொரு சாதி என்று தெருக்கள் பிரிந்து கிடக்கும் பழைய அமைப்பு முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமத்துவத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊருக்கு, வயலில் நாற்று நடுகிறவர்களை வீட்டு முற்றத்தோடு நிறுத்தும் பழக்கம் எந்த வகையிலும் பொருந்தாது. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திண்ணையிலும் மேசையிலும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கும் வீடுகள் இங்கே கூடிக்கொண்டே வருகின்றன, அவற்றுக்கு யாரும் தண்ணீரை நிறுத்தியதில்லை.

நிலம் வாங்க வருகிறவர்களுக்குச் சில நேரடியான செய்திகள். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முந்தைய ஆதாரங்களில் (நிலப் பத்திரங்களில்) கொல்லம் ஆண்டு இருக்கும். சில மலையாள எழுத்திலும் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையான தேதியாக இருந்தால் 824-ஐக் கூட்ட வேண்டும். பழைய எழுத்தைப் படித்துச் சொல்லக்கூடிய ஆதார எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் மூல ஆதாரம் வரை படித்துக் கேளுங்கள். பாகப்பிரிவினையில் வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரர் ஒருவர் கையெழுத்திடாமல் விடுபட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்துக்கொண்டு நில அளவரோடு வயலில் இறங்கி அளக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வீட்டுமனை என்று காட்டப்படும் இடம் நேற்று வரை நன்செய்யாக இருந்ததா என்பதை வருவாய்ப் பதிவில் பார்ப்பது அதைவிட முக்கியம். வயலை மண்ணடித்து உயர்த்தி மனையாக்குவதை நான் மனப்பூர்வமாக எதிர்க்கிறேன்; ஒரு வயல் தூர்ந்தால் அதற்குக் கீழ்மடையில் இருக்கும் அத்தனை வயலும் தரிசாகத் தொடங்குகிறது, பிறகு அவையும் மனையாகின்றன. எங்கள் மடையிலேயே அப்படி ஒரு மனையில் வீடு எழும்பியது. வீட்டுக்காரர் வெளியூர்க்காரர், நல்லவர். மதிலுக்கு அடியில் வாய்க்கால் போவதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கீழ்மடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவர் வீட்டுக்கு ஒரு மாலையில் போய்ப் பேசினோம். மதிலின் ஒரு பகுதியை இடித்து, மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய்களைத் தன் செலவில் பதித்துக் கொடுத்தார். அரையடி பிளாஸ்டிக் குழாய் போதும் என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டிருந்தால், அதற்கடுத்த ஐப்பசியில் வந்த மழையில் தண்ணீர் முதலில் ஏறியிருப்பது அவருடைய நடுவீட்டில்தான். ஆகவே வயலை ஒட்டி ஏற்கெனவே இருக்கும் மனையை வாங்குகிறவர்களும், மதிலுக்கு அடித்தளம் தோண்டுவதற்கு முன், அந்த இடத்தின் வழியாக மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் எத்தனை அடி அகலத்தில் போகிறது என்பதை மேல்மடைக்காரரிடமும் கீழ்மடைக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டில் பெரிய அளவுக்குக் குழாய் வாங்குங்கள்.